வெள்ளிக்கிழமைப் பூங்கா

கல்யாணமாகி, இரண்டு பையன்களும் பிறந்தபிறகு, இந்த வளைகுடா நகரத்துக்கு வந்து நான் பேச்சிலர் ஆனேன். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவனுக்கு இங்கே அதுதான் பெயர். வந்த புதிதில் அது எனக்குத் தெரியாது. எங்கள் அறைக்குப் பக்கத்தில் கடலைத் தூர்த்துப் பெரிய பூங்கா ஒன்று அமைத்திருந்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை விடுமுறையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி, "ஃபேமிலி?" என்றான். அக்கறையாக விசாரிக்கிறான் என்று நினைத்து, "யெஸ், ஒய்ஃப், டூ பாய்ஸ்" என்றேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் தேடினான்.

"வேர்?"

"சிதம்பரம்."

அவன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை குடும்பங்களுக்கு மட்டும் என்ற பலகையைக் காட்டினான்.

அதன்பிறகு வெள்ளிதோறும் நானும் அறைத்தோழன் செல்வமும் பூங்காவின் கம்பிவேலியை ஒட்டிய நடைபாதையில் சுற்றி நடந்தோம். செல்வம் குறிஞ்சிப்பாடிக்காரன், என்னைப் போலவே ஏசி மெக்கானிக். இங்கு வருமுன் கடலூரில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். சாயங்காலம் சில்வர் பீச் மணலில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் சிதம்பரம் பஸ் ஏறுவேன். குப்பை கிடக்கும், நாய்கள் படுத்திருக்கும். இந்த ஊரின் சுத்தத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால், ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று சுண்டல் விற்பவர்கூடக் கேட்டதில்லை.

போன மாதம் பிள்ளைகளை என் மாமியாரிடம் விட்டுவிட்டு, மனைவி கவிதா விசிட் விசாவில் வந்தாள். அவளுக்காகத் தனி அறை எடுத்தேன். வெள்ளிக்கிழமை அவளோடு போனபோது, காவலாளி "வெல்கம் சார்" என்று வழிவிட்டான். இத்தனை வருஷம் வெளியிலிருந்து பார்த்த புல்லில் உட்கார்ந்தேன். ஈரமாக இருந்தது. அப்போதுதான் செல்வம் வேலிக்கு வெளியே தனியாக நடந்து வந்தான். எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கவிதா எழுந்து ஓடினாள். "அண்ணே! உள்ள வாங்கண்ணே. என் கூடப் பொறந்தவருன்னு கேட்டுல சொல்லிக்கறேன்." நானும் பின்னால் போய் நின்றேன்.

"வேணாம்மா" என்றான் செல்வம். "நீ கொஞ்ச நாள்ல ஊருக்குப் போயிடுவ. இன்னிக்கு உள்ள வந்து உக்காந்துட்டா, அப்புறம் வெளிய நடக்கறது ஜாஸ்தி கஷ்டமா இருக்கும்." என்னைப் பார்த்து, "போ மச்சான், போயி தங்கச்சிகூட உக்காரு" என்றான்.

உட்கார்ந்தேன். கவிதா பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே, கம்பிகளுக்கு அப்பால் விட்டு விட்டுத் தெரிந்த செல்வத்தின் நீலச் சட்டையோடு நடந்துகொண்டிருந்தேன்.