மலையில்லா ஊரில் மஞ்சள் பிடி

ஆளைத் தரையில் சுருண்டு விழவைத்து, மூச்சு வாங்கவிட்டு, "நாளன்னைக்கு மறக்காம வந்துடுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்புவது என் தொழில். மூன்று மாதத்துக்கு ஜிம்மில் சேர்ந்துவிட்டு மூன்றே நாள் போன அன்பர்களே, உங்களுக்கு என்னைப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் என் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

மலை எங்கே?

பெங்களூரில் வேலை பார்த்தபோது எனக்குப் பாறை ஏறும் பைத்தியம் பிடித்தது. ஊர் திரும்பியும் தெளியவில்லை. ரெட்டியார்பாளையத்தில் ஒரு பழைய கொட்டகையைப் பிடித்து, முப்பது அடிக்குப் பலகைச் சுவர் எழுப்பி, கலர் கலராகப் பிடிகளை முடுக்கி, மேலிருந்து கயிறு தொங்கவிட்டேன். மருந்துக்குக்கூட மலை இல்லாத புதுச்சேரியில் இது தேவையா என்று வீட்டிலேயே கேட்டார்கள். எதிர் டீக்கடைக்காரர் வந்து, சுவரை மேலும் கீழும் பார்த்து, என் மேல் உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"மல ஏறணும்னா திருவண்ணாமலைக்கு இங்கேர்ந்தே பஸ்ஸு இருக்குது மாஸ்டர்."

கலாவதி அக்கா

தவளக்குப்பத்திலிருந்து தன் அண்ணன் மகளைச் சேர்த்துவிட வந்தவர் கலாவதி அக்கா. வயது நாற்பத்து நாலு. மில்லில் வேலை பார்த்தவர், இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பகுதியில் இருக்கிறார். அண்ணன் மகள் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்த அத்தை நிற்கவில்லை. ஈரப் போர்வைகளைத் தூக்கிப் பழகிய தோள், கால் வைப்பதிலும் நிதானம். ஆனால் இருபதடி உயரத்தில் ஒரு மஞ்சள் பிடி இருக்கிறது. அதைத் தொடுவதற்குள் முன்கை இரண்டும் கல்லாக இறுகி, மூச்சு முட்டி, கயிற்றில் தொங்கிவிடுவார். பதினோரு தடவை ஏறி, பதினோரு தடவையும் அங்கேயே இறங்கினார்.

"கையில பலம் இருக்குதுக்கா, ஆனா தம் பத்தல" என்றேன். ஏறுகிறவர்களுக்கென்றே ஒரு கடும் பயிற்சி வைக்கப்போவதாகவும், வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றும் சொன்னேன். அவர் உடனே தலையாட்டவில்லை. கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒம்பதாவதுல பள்ளிக்கூடத்த நிறுத்திட்டாங்க, தையல் பாதியில கல்யாணம் பண்ணிட்டாங்க, மில்ல மூடிட்டாங்க. எதையும் முழுசா முடிச்சதில்ல மாஸ்டர், இந்தச் செவுத்தயாச்சும் முடிக்கணும்."

அன்றிலிருந்து அந்த மஞ்சள் பிடி எனக்கும் தூக்கத்தைக் கெடுத்தது.

வேகமாகக் கற்றுக்கொண்டவர்

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்பியில் தொங்கி எழுவது, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை வீசுவது, தரையில் விழுந்து எழுந்து குதிப்பது, கயிறு கட்டி லாரி டயரை இழுப்பது. ஒவ்வொன்றும் நாற்பது வினாடி, நடுவில் இருபது வினாடி ஓய்வு. சேர்ந்தவர்கள் கலா அக்காவையும் சேர்த்து நாலு பேர். அதில் கம்ப்யூட்டர் கம்பெனி பிரகாஷ் அதிவேகக்காரர். முதல் வாரம் மெதுவாகச் செய்யுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் இங்கே காலையில் செய்துவிட்டு, சாயங்காலம் வீட்டு மாடியில் இன்னொரு தடவை செய்திருக்கிறார். நாலாம் நாள் ஆளைக் காணோம். போன் செய்தால் மனைவி எடுத்தார்.

"அவரால கையத் தூக்க முடியல மாஸ்டர், நான்தான் சோறு ஊட்டிவுடறேன். ரெண்டு வயசுப் புள்ள, எனக்கெப்போன்னு வரிசையில நிக்குது."

முசேயின் கணக்கு

பிரெஞ்சு பாணியில் மரியாதையாக முசே என்று நாங்கள் கூப்பிடும் அருளப்பன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. டாக்டர் நடக்கச் சொன்னாராம். கடற்கரை ரோட்டில் நடந்து நடந்து கடலுக்கே தன்னைப் பார்த்துச் சலித்துவிட்டது என்று எங்களிடம் வந்தார். வந்த இரண்டாம் நாளே, யாரும் கேட்காமல், எண்ணிக்கை பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். எண்ணுவதும் பிரெஞ்சில்தான், "அன், தெ, த்ருவா..." முகவாய் கம்பிக்கு மேலே வராவிட்டால் "நோன்!" அவ்வளவுதான், அது கணக்கில் சேராது. பிரகாஷ் உயிரைக் கொடுத்துப் பன்னிரண்டு எழுந்தால் முசே கணக்கில் ஐந்து. ஒருநாள் பிரகாஷுக்கு அழுகையே வந்துவிட்டது. "காலேஜ்ல கூட இவ்ளோ மோசமா மார்க் போட்டதில்ல" என்றார். முசே மீசையைத் தடவிக்கொண்டார்.

"நான் பன்னெண்டுன்னு சொல்லிடுவேன் தம்பி, செவுரு ஒத்துக்கணுமே!"

டயர் இழுத்தவன்

நாலாவது ஆள் பிள்ளைச்சாவடி மூர்த்தி. கடலுக்குப் போகிறவன். இருபத்தெட்டு வயது. மற்ற மூவரும் டயரை வெடுக் வெடுக்கென்று இழுத்து நாக்குத் தள்ளுவார்கள். இவன் ஒரே சீராக, மூச்சை விட்டு விட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இழுத்துவிடுவான். "இவனைப் பார்த்து மூச்சு விடுங்க" என்று மற்றவர்களிடம் சொன்னேன். கலா அக்கா பக்கத்திலேயே நின்று அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு மாதம் கத்தியும் வராதது ஒரு வாரத்தில் வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். மூர்த்திக்கோ வேறு குறை. இழுத்து முடித்த டயரை ஒரு கணம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வலைய இழுத்தா மீனாச்சும் வரும் மாஸ்டர். இத இழுத்தா திரும்ப இழுக்கச் சொல்றீங்க."

ஆயுத பூஜை

எட்டாவது வாரம் ஆயுத பூஜை வந்தது. நாங்களே செய்கிறோம் என்று மூர்த்தியும் பிரகாஷும் சொன்னார்கள். இரும்புக் குண்டுகளுக்குப் பொட்டு வைப்பார்கள் என்று நினைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். வடையும் பாயசமும் அங்கே என்னை அசரவைத்திருந்த நேரத்தில், இங்கே இவர்கள் சுவரிலிருந்த பிடிகள் அத்தனைக்கும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்திருக்கிறார்கள். கலா அக்காவின் மஞ்சள் பிடி விசேஷமாயிற்றே! மூர்த்தி கயிற்றில் ஏறி அதற்கு மட்டும் கை நிறைய அப்பியிருக்கிறான்.

மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று அக்கா ஏறினார். காலையில் நான் கீழ்ப்பிடிகளைத் துடைத்ததோடு சரி, மேலே பார்க்கவே இல்லை. அது என் தப்பு. பன்னிரண்டாவது தடவையாக ஏறுகிறார், முதல் தடவையாகக் கை இறுகாமல், மூச்சு சீராக, மஞ்சள் பிடியை எட்டிப் பிடித்தார். பிடித்த கை அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளங்கை நிறையச் சந்தனத்தோடு அக்கா கயிற்றில் தொங்கினார். மூர்த்திதான் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான்:

"சாமி கை கொடுக்கும்னுதான்க்கா வெச்சேன், கைய வழுக்கி வுடும்னு நெனைக்கல."

ஆளைக் காணோம்

அடுத்த இரண்டு நாள் மற்ற மூவரும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பிடிகளைத் தேய்த்துக் கழுவினார்கள். அக்கா வரவில்லை. அடுத்த வகுப்புக்கும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. இதையும் பாதியில் நிறுத்தவைத்துவிட்டோமே என்று எனக்கு மனசே ஆறவில்லை. தவளக்குப்பத்துக்கே போய்க் காலில் விழலாமா என்று யோசித்துக்கொண்டு திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினால், படியில் உட்கார்ந்திருக்கிறார்.

"லீவுல பாதிப் பேரு போயிட்டாங்க, டபுள் டூட்டி பாத்தேன். என்னா மாஸ்டர், நின்னுட்டேன்னு நெனச்சிட்டீங்களா?"

முப்பதாவது அடி

அன்றைக்கே ஏறினார். மஞ்சள் பிடிக்குக் கீழே நின்று, ஒரு கையைத் தொங்கவிட்டு உதறி, மூச்சை முழுசாக விட்டார். பிறகு அடுத்த கை. பிரகாஷ் செல்போனில் படம் பிடிக்கிறேன் என்று தன் காலையே பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா மஞ்சள் பிடியைப் பிடித்தார், காலை மாற்றினார், அதைத் தாண்டினார். அதற்கு மேலே அவர் போனதே இல்லை. கீழே கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி நான் அண்ணாந்தே நின்றேன். ஒவ்வொரு பிடியாகத் தடவித் தடவிப் போய், உச்சியிலிருந்த இரும்புக் கம்பியை டங்கென்று தட்டினார். மூர்த்தி அடித்த விசிலில் டீக்கடையில் நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. "எறக்கட்டுமாக்கா?" என்று கத்தினேன். மேலேயிருந்து பதில் வந்தது:

"இருங்க மாஸ்டர். இதுவரைக்கும் எல்லாத்துலேர்ந்தும் மத்தவங்கதான் என்ன எறக்கி வுட்டாங்க, இதுலேர்ந்து நான் சொல்றப்பதான் எறக்கணும்."

பத்து நிமிடம் கழித்து அவர் சொல்லி, நான் இறக்கிவிட்டேன் என்றாலும், அண்ணாந்த என் கழுத்து மட்டும் இரண்டு நாளைக்கு இறங்க மறுத்ததால், இந்தத் தொழிலில் எந்தத் தசைக்கு முதலில் பயிற்சி வேண்டும் என்று யாராவது கேட்டால், கற்றுக்கொடுப்பவனின் பிடரிக்கு என்பதே என் பதில்.