ராய்ஸும் அவன் வயிற்றெரிச்சலும்

என் கணவன் ராய்ஸ் டிப்பெட்டுக்கு ரத்த அழுத்தம் உண்டு, முழங்கால் வலி உண்டு. இரண்டையும்விடப் பழைய நோய் ஒன்றும் உண்டு. அதன் பெயர் அலிஸ்டர் ஹாடோ.

அலிஸ்டர் ஆற்றங்கரையில் பால்பண்ணை வைத்திருக்கிறவன். ராய்ஸ் பால் லாரி ஓட்டுகிறவன். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் அந்தப் பண்ணைக்குப் போய், தொட்டியில் இருக்கும் பாலைக் குழாய் போட்டு லாரிக்கு ஏற்ற வேண்டும். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்ற மாட்டான்.

"தொட்டி விளிம்பு வரைக்கும் நிக்குது கோரல்! இந்த வறட்சியில! ஊர்ல இருக்கிற மாடெல்லாம் மடி வத்திக் கெடக்கு, அவன் மாட்டுக்கு மட்டும் எங்கேருந்து ஊறுதுன்னு தெரியல."

"ஆத்தங்கரைப் புல்லு. போய்ப் படு."

"புல்லாம் புல்லு. பொறக்கும்போதே மச்சத்தோட பொறந்திருக்கான் பய."

பால் மட்டும் என்றில்லை. அலிஸ்டர் புது வண்டி வாங்கினால் இங்கே இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அவன் வீட்டுக்குக் கூரை மாற்றியபோது, எங்கள் கூரை ஒழுகுவதை ராய்ஸ் புதிதாகக் கண்டுபிடித்தான். அலிஸ்டருக்கு இந்த வயதிலும் தலைமுடி கொட்டவில்லை; அதற்குக்கூட இவனிடம் ஒரு வழக்கு இருக்கிறது. சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அங்கே ஆரம்பித்தது, இன்னும் முடிந்தபாடில்லை.

நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பொறாமைதான். அலிஸ்டர்மேல். அவனுடைய பணத்தின் மேலோ மாட்டின் மேலோ இல்லை. என் புருஷன் ஒரு நாளில் அவனைப் பற்றி நினைக்கிற நேரத்தில் கால்வாசி என்னைப் பற்றி நினைத்திருந்தால் நான் ராணி மாதிரி இருந்திருப்பேன். அலிஸ்டர் தொப்பி மாற்றியதை லாரி ஜன்னலிலிருந்தே கண்டுபிடிக்கிறவன், நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்ததைக் கவனிக்கவில்லை. "கோரலுக்கு நல்லா இருக்கு" என்று அலிஸ்டர் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அவன் ஏன் அதைச் சொல்றான்?" என்று கேட்டானே தவிர, நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இவனை என்ன செய்வது!

இதெல்லாம் வாரநாள் கதை. சனிக்கிழமை வந்தால் நோய் முற்றிவிடும். எங்கள் ஊர் டெரலா, அணிச் சட்டை நீலமும் வெள்ளையும். அலிஸ்டரின் ஊர் பிரிம்டேல், கறுப்பும் மஞ்சளும். நடுவில் ஒரு பாலம். ஆட்டம் ஃபுட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையால் பிடித்தும் காலால் உதைத்தும் ஆடுவது. பிரிம்டேல் ஃபுட்டி கிளப்பில் கோப்பை வைக்க இடமில்லாமல் கழிவறைக்குப் போகிற நடையில்கூட அலமாரி அடித்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு வருடங்களாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஜெயித்த அணி உள்ளே போய்த் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று கிளப்பின் பாட்டைத் தொண்டை கிழியப் பாடும். அது ஜெயித்தவர்களுக்கு மட்டும் உள்ள பாட்டு. எங்கள் அறையில் அதைப் பாடி இரண்டு வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு வரிகளே தெரியாது.

ஆடுகிற வயது போன பிறகு ராய்ஸ் எங்கள் கிளப்புக்கு நேரம் பார்ப்பவன் ஆனான். அலிஸ்டரும் அவன் கிளப்புக்கு அதே வேலைக்கு வந்தான். கேட்க வேண்டுமா! ஒவ்வொரு கிளப்பும் ஆளுக்கொருவரை அனுப்பும். இருவரும் மைதானத்து ஓரத்துக் கூண்டில் கடிகாரத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். வந்த ஊர்க்காரன் நேரம் முடிந்ததும் குரல் கொடுப்பான். சொந்த ஊர்க்காரன் சைரன் பொத்தானை அழுத்துவான். வெளியே கடிகாரம் கிடையாது. இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று அந்த இரண்டு பேரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஜூன் மாதம், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், பிரிம்டேல் எங்கள் ஊருக்கு ஆட வந்தது. கிளம்பும்போதே ராய்ஸ் சொன்னான்: "ஒரே ஒரு தடவை கோரல். அவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது நாம ஜெயிக்கணும். அவன் மூஞ்சி தொங்கிப் போறதை நான் கிட்டேயிருந்து பார்க்கணும். அப்புறம் செத்தாலும் பரவால்ல."

"செத்தா லாரியை யார் ஓட்டறது? வாயைக் கழுவு."

மழை தூறிக்கொண்டிருந்தது. மைதானத்து வேலியைப் பார்த்தபடி கார்களெல்லாம் வரிசையாக நின்றன. எங்கள் வண்டி எப்போதும் கூண்டுக்கு நேர் கீழே நிற்கும். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட, சாஸ் வழிகிற 'பை' பலகாரத்தைக் கடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல அடி வாங்கப் போகிறோம், பாதியில் தூங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அன்று என்ன பிடித்ததோ! சேற்றில் விழுந்து புரண்டு எழுந்து ஓடினார்கள். கடைசிக் கால்பகுதியில் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. எங்கள் பக்கத்துக் கார்களெல்லாம் ஹாரன் அடித்ததில் காது அடைத்துவிட்டது. கையிலிருந்த பலகாரமும் கீழே விழுந்துவிட்டது.

அப்புறம் நேரம் நகரவில்லை. எல்லோரும் கூண்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் காரிலிருந்து யாரோ, "ராய்ஸ், தூங்கிட்டியாடா? அடிச்சுத் தொலைடா!" என்று கத்தினார்கள். பந்து எங்கள் கோல் பக்கம் வந்தது. பிரிம்டேல்காரன் ஒருவன் நடு மைதானத்திலிருந்து குருட்டாம்போக்கில் உயர உதைத்தான். அவர்களுடைய நெட்டையன் எங்கள் டேமியனின் தோள்மேல் எகிறி அதைத் தரையில் விழாமல் பிடித்தான். அவன் கை பந்தை மூடியது, சைரன் ஊதியது. மூச்சு விடுகிற இடைவெளிதான். பந்தைப் பிடித்த பிறகு சைரன் ஊதினால், பிடித்தவனுக்கு ஒரு உதை பாக்கி உண்டு. பிடிப்பதற்கு முன் ஊதியிருந்தால் ஆட்டம் எங்களுடையது.

நெட்டையன் நிதானமாகக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். உதைத்தான். பந்து நடுக் கம்பங்களுக்கு நடுவே போனது. கம்பத்துக்குப் பின்னால் நின்ற கோல் நடுவர் இரண்டு கொடிகளையும் ஆட்டினார். ஆட்டம் சமம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே புள்ளி. போட்டிப் பட்டியலில் அவர்களுக்கும் இரண்டு, எங்களுக்கும் இரண்டு. ஆனால் பிரிம்டேல்காரர்கள் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். ஹாரன் அடித்தார்கள், ஒருவர் தொப்பியை ஒருவர் பிடுங்கி வீசினார்கள். எங்கள் பக்கம் இழவு வீடு. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தோற்காமல் இருக்கிறோம், ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பை விற்கிற ஜன்னலில் பிரிம்டேல் பெண்கள் சிரித்துச் சிரித்து வாங்கித் தின்பதைப் பார்த்து எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் அடுப்பில் வெந்த பை! அவர்களுக்கு மட்டும் எப்படி இனிக்கிறது? சமம் என்றால் சந்தோஷத்தையும் சமமாகப் பங்கு போட வேண்டாமா?

ராய்ஸ் கூண்டிலிருந்து இறங்கி வந்து வண்டியில் ஏறினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"நான்தான் கோரல்."

"என்ன நான்தான்?"

"அலிஸ்டர் 'ஆச்சு'ன்னு சொன்னான். சரியா சொன்னான். பந்து அப்ப மேல இருந்துது. யாரும் இன்னும் பிடிக்கல."

"நீ அழுத்தலியா?"

"நான் அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். தொங்கப்போகுது, தொங்கப்போகுதுன்னு. கை போகல. அவன் மறுபடி 'ராய்ஸ், ஆச்சுப்பா, அடி!'ன்னு என் தோளைத் தட்டினான். அப்பதான் அழுத்தினேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அட பாவி மனுஷா! ஜெயிச்ச ஆட்டத்தை அவன் மூஞ்சிக்குத் தாரை வார்த்துட்டியே!"

"அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? அவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அவன் ஊர் தோத்துரும்னு தெரிஞ்சே சொன்னான். நானா இருந்தா சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் கோரல். அதுலயும் அவன் என்னை ஜெயிச்சுட்டான்."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வர வேண்டும், கோபம்தான் வந்தது. சாகிறபோதுகூட இவன் அலிஸ்டர் என்றுதான் சொல்லிச் சாவான்.

இறங்கி எங்கள் கிளப் அறைக்குப் போனோம்; உள்ளே கூட்டம் டேமியனைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவன் குழாய் வேலை செய்கிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சேறு காயாமல் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். "மரம் மாதிரி நின்னியேடா! ஏணியா நீ, அவன் ஏறிப் போறதுக்கு?" என்று ஒருவன். "அவனுக்குக் கறுப்பு மஞ்சள் சட்டை வாங்கிக் குடுங்கப்பா" என்று இன்னொருவன். கிளப் தலைவி நோலா மட்டும், "போதும், விடுங்கடா" என்று சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்?

ராய்ஸ் கதவோரம் நின்றான். நான் அவன் முதுகில் இடித்தேன். "சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்."

"எப்ப? டேமியன் ஊரைவிட்டு ஓடின பிறகா?"

அந்த நேரம் பார்த்து அலிஸ்டர் உள்ளே வந்தான். ஆட்டம் முடிந்ததும் வந்த ஊர்க்காரர்கள் எங்கள் அறைக்கு வந்து ஒரு பீர் குடித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவது மரியாதை. அவன் பீரைக்கூட எடுக்கவில்லை. நேராக டேமியனிடம் போய் நின்றான்.

"அந்தத் தம்பியை விட்டுடுங்க," என்றான். "அவன் மேல தப்பில்ல. நேரம் ஆனதை நான்தான் சொல்ல லேட் பண்ணிட்டேன். சைரன் முன்னாடியே ஊதியிருக்கணும். என் தப்பு. மன்னிச்சுக்கங்க."

கிழடு கட்டைகள்கூட "பெரிய மனுஷன்யா" என்று முணுமுணுத்தன. நான் ராய்ஸைப் பார்த்தேன். காது மடல் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. அவனுக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஒரு பீரைக் கையில் எடுத்தால் போதும்.

"பொய்!" என்று கத்தினான் ராய்ஸ். "பச்சைப் பொய்! இவன் சரியாத்தான் சொன்னான்! ரெண்டு தடவை சொன்னான்! நான்தான் அழுத்தல!"

"ராய்ஸ், விடுப்பா..." என்றான் அலிஸ்டர்.

"நீ சும்மா இரு! நல்ல மாடு உனக்கு, கோப்பை உனக்கு, தலை நிறைய முடி உனக்கு. என் தப்பையும் நீயே எடுத்துக்குவியா? அது என்னோடது! நான் பண்ணினது! குடுக்க மாட்டேன்!"

டேமியன் சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் வாயைத் திறந்து. அவன் சிரித்ததும் அறை முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. அலிஸ்டரும் சிரித்தான். சிரிக்காதவர்கள் இரண்டே பேர், ராய்ஸும் நோலாவும்.

"அழுத்தாம என்னடா பண்ணிக்கிட்டிருந்த?" என்று கேட்டாள் நோலா.

ராய்ஸின் பார்வை அலிஸ்டர் பக்கம் போய்த் திரும்பியது. இத்தனை வருடமாக எல்லோருக்கும் தெரிந்த நோய்தானே. நோலாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஆட்டம் சமம்தான், சைரன் ஊதினது ஊதினதுதான், அதை மாத்த முடியாது," என்றாள். "ஆனா இனிமே நீ அந்தக் கூண்டுல ஏறக்கூடாது. ஆகஸ்டுல நாம பிரிம்டேல் போய் ஆடறோம். அப்ப அலிஸ்டர் பக்கத்துல கோரல் உட்காரட்டும். அவளாவது கடிகாரத்தைப் பார்ப்பா."

"எனக்குச் சம்மதம்," என்றான் அலிஸ்டர், என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு. "கோரல் வந்தா கூண்டுக்கே ஒரு களை வந்துரும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த வயதில்! ராய்ஸ் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

வண்டியில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினோம். மழை விட்டிருந்தது. எனக்குத் தெரியும், இப்போது மறுபடி தொட்டியையும் பாலையும் ஆரம்பிப்பான், அலிஸ்டர் எவ்வளவு பெரிய மனுஷன் என்று புலம்புவான் என்று. காதை மூடிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அவங்க ஊர்க் கூண்டு ரொம்பச் சின்னது," என்றான் ராய்ஸ்.

"அப்படியா?"

"தோளோட தோள் இடிக்கும்."

"இடிச்சா என்ன? குளிர்ல நல்லதுதானே."

வண்டி கொஞ்சம் வேகமாகப் போனது. அப்புறம் மெதுவானது.

"அவன் ரொம்பப் பேசுவான். நீ பதில் சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம்."

"பேசினா பேசாம இருக்க முடியுமா? மரியாதை இல்லையே."

ராய்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். சும்மா பார்வை இல்லை. தலை முதல் கால்வரை, புதிதாக ஊருக்குள் வந்தவளைப் பார்ப்பது மாதிரி. ரோட்டைப் பாரு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல மனம் வரவில்லை.

"எந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போவ?" என்று கேட்டான்.

முப்பது வருடத்தில் என் உடுப்பைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"சிவப்புதான்," என்றேன்.

"சிவப்பு வேண்டாம்," என்றான் ராய்ஸ்.