அத்தானின் இருபது நிமிட டிராக்டர்

அத்தான் டிராக்டரிலேயே படுத்துத் தூங்குகிறார் என்றுதான் முதலில் கேள்விப்பட்டேன். சித்தி சொன்னாள். சித்திக்கு அவளுடைய பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் சொன்னாளாம்; அந்தப் பெண்ணின் வீடு அக்கா வீட்டுக்குப் பின் தெரு. டிராக்டரில் படுக்க ஏது இடம் என்று நான் கேட்கவில்லை. அத்தானைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடலாம்.

போன மாதம் கடல் கடந்து, பத்து நாள் விடுப்பில் போய்ப் பார்த்தேன். வதந்தி அவருக்குச் சலுகை காட்டியிருந்தது. மனிதர் தூங்கவில்லை, டிராக்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஃபைல் எழுதிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கணவர் முப்பத்தொரு வருடம் வாகனத் தகுதிச் சான்று அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். லாரியும் பஸ்ஸும் ரோட்டில் ஓடலாம் என்று முத்திரை குத்திய கை அது. ஆனால் ஒரு வண்டியின் பானட்டையும் அந்தக் கை திறந்ததில்லை. வண்டிகள் பின்பக்க முற்றத்தில் நிற்கும், அத்தான் முன்பக்க அறையில் மின்விசிறிக்கு அடியில் இருப்பார். ஓய்வு பெற்ற பிறகு, இத்தனை வண்டியைப் பாஸ் பண்ணியவனுக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று தோன்றிவிட்டது. ஒரு பண்ணைக்காரரிடம் தன்னைவிட வயதில் மூத்த பெட்ரோல் டிராக்டரை வாங்கிவந்து ஷெட்டில் நிறுத்தினார். ஷெட்டில் நின்ற கார் தெருவுக்குப் போனது. அக்காவின் கோபத்துக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான்.

மற்றவர்களாக இருந்தால் முதலில் எஞ்சினைப் பார்ப்பார்கள். அத்தான் பெயிண்ட் அடித்தார். கரும்பச்சை, மூன்று கோட்.

"முதல்ல தோற்றம், மாப்ளே. அட்டை நல்லா இருந்தாத்தான் ஃபைலை மேல அனுப்புவாங்க" என்று எனக்கு விளக்கம் வேறு.

சக்கரத்து நட்டு, சீட்டின் அடிப்பக்கம், பெட்ரோல் டேங்க், அதன் மூடி, எதையும் விடவில்லை. அசையாமல் நின்றிருந்தால் அக்காவுக்கும் ஒரு கோட் விழுந்திருக்கும்.

அந்தப் பெயிண்ட் காய்ந்த நாளிலிருந்து டிராக்டர் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியதில்லை. நன்றாகத்தான் கிளம்பும், தெருவே அதிரும். பிறகு இரண்டு இருமல், ஒரு பெருமூச்சு, நின்றுவிடும். பண்ணைக்காரரைக் கூப்பிட்டு, தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சண்டை போட்டார்.

"எங்கிட்ட இருந்த வரைக்கும் காலையில கிளப்பினா மத்தியானம் வரைக்கும் ஓடுங்க. நீங்க என்ன பண்ணீங்க அதை?" என்று பண்ணைக்காரர் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. பெயிண்ட்தான் அடிச்சேன்."

"அடிங்க, அழகா வச்சுக்கங்க" என்று சொல்லி அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

பிறகுதான் ஃபைல் திறக்கப்பட்டது. வண்டி நின்றால் அதற்கொரு நடைமுறை வகுத்திருந்தார். முதல் வேலை, டேங்க் மூடியைத் திறந்து மர ஸ்கேலை உள்ளே விட்டு, பெட்ரோல் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து எழுதுவது. மூடியைத் திரும்ப இறுக்கிய பிறகுதான் ஸ்பேனரையே தொடுவார். ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றி, ஊதி, மாட்டுவார். வண்டி கிளம்பிவிடும். 'சரி செய்யப்பட்டது' என்று எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும். மறுநாள் இருபதாவது நிமிடம் மறுபடியும் இருமல்.

பிளக்கை மாற்றினார், கிளம்பியது. கார்புரேட்டரைக் கழுவினார், அதற்கும் கிளம்பியது. கழற்ற ஒன்றும் மிச்சமில்லாத ஒரு நாள் ஹெட்லைட்டைத் துடைத்தார். அதற்கும் கிளம்பியது. 'ஹெட்லைட்டில் தூசி. நிவர்த்தி செய்யப்பட்டது' என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதினார்.

"கண்ணாடியைத் துடைச்சா எஞ்சின் ஓடுமா அத்தான்?" என்றேன்.

"ஓடுச்சா இல்லையா? ஆதாரம் இருக்கு, மாப்ளே. நீ வாயாலதான் பேசற."

மெக்கானிக்கையும் வரவழைத்தார். தெருவில் அவருக்கு கிரீஸ் என்று பெயர். அவர் வருவதற்குள் அத்தான் ஸ்கேலை விட்டு அளவெடுத்து முடித்திருந்தார். கிரீஸ் கிளப்பினார், பத்து நிமிடம் அலுங்காமல் ஓடியது. அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கு. வண்டியில கோளாறு இல்ல சார்" என்றார். கோளாறு எங்கே என்று அவர் சொல்லவில்லை. ஃபைலை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அக்கா சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பழைய இயந்திரக் கண்காட்சி. வீட்டிலிருந்து நாற்பது நிமிட ஓட்டம்.

"நீங்க டிராக்டர்ல போங்க. நான் பின்னாடியே கார்ல வரேன். வழியில ஒரு தடவை நின்னாலும் சரி, அங்க இருந்தே காயலான் கடைக்கு ஃபோன் பண்ணுவேன். லாரி வந்து அள்ளிட்டுப் போகட்டும். என் காரு ஷெட்டுக்கு வரணும்."

அத்தான் கை கழுவிவிட்டு வந்து ஃபைலை எடுத்தார். அக்கா சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி, 'ஏற்கப்பட்டது' என்று கையெழுத்திட்டார். பேனாவை மூடிவிட்டு, ஷெட்டுக்குப் போய் டிராக்டரை ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தார். அந்த வயதில் ஒரு பழைய இரும்புக்காக உருகுகிற மனிதரைப் பார்க்க எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இங்கே வந்த பிறகு தினமும் கூப்பிட்டேன். "இன்னிக்கு எத்தனை நிமிஷம் அத்தான்?" என்று மட்டும் கேட்பேன். நான்கு நாள் பதில் சொன்னார். ஐந்தாம் நாள் எடுக்கவில்லை.

"உன் நம்பரைப் பார்த்தாலே சட்டைப்பைக்குள்ள போட்டுக்கறார்டா. நீயும் விட மாட்டேங்கற" என்றாள் அக்கா. சனிக்கிழமை அவர் இக்னிஷன் காயிலை மாற்றினார் என்றும், பக்கத்து வீட்டில் புகை என்று சத்தம் போட்டதால் பதினைந்து நிமிடத்தோடு அணைத்து, 'முழுமையாகத் தீர்ந்தது' என்று எழுதிவிட்டார் என்றும் அவள்தான் சொன்னாள். பதினைந்து நிமிடம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டபோது இங்கே மதியம். அக்கா புகைப்படம் அனுப்பினாள்: இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் பச்சை, முகத்தில் அலுவலகக் களை. ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் புது எண்ணெய் டின்னில் ஓட்டை போட்டேன். கவிழ்த்தேன். முதலில் கொட்டியது, பிறகு விக்கியது, பிறகு சொட்டுக்கூட விழவில்லை. எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை குத்தினேன். காற்று உள்ளே போனது, எண்ணெய் தாரையாக இறங்கியது.

கையில் டின்னோடு அப்படியே நின்றேன். பிறகு புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்ரோல் டேங்கின் மூடி. எந்த டேங்க் மூடியிலும் காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் இறங்க ஊசித்துளை ஒன்று இருக்கும். இதில் இல்லை. முட்டை ஓடு மாதிரி வழவழவென்று மூன்று கோட் கரும்பச்சை. இத்தனை நாளும் வண்டியைக் கிளப்பியது பிளக்கும் இல்லை, ஹெட்லைட்டும் இல்லை. அளவெடுக்க அவர் மூடியைத் திறந்ததுதான். இன்று இறங்கித் திறந்தால் நின்ற கணக்கு. மூடி இருப்பதோ ஸ்டியரிங்குக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில். ஓட்டிக்கொண்டே அரைத் திருகு தளர்த்தினால் போதும்.

அங்கே எட்டு பதின்மூன்று. கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. 'மூடியைத் தளர்த்துங்க' என்று செய்தி அனுப்பினேன். என் பெயரில் வரும் எதையும் அவர் திறப்பதில்லை. இதை மட்டும் எதற்குத் திறப்பார். அக்காவிடம் சொல்லலாம் என்றால், தீர்ப்பு சொல்லக் கிளம்பியிருப்பவளே அவள்தான். காரில் போகும்போது ஃபோனைத் தொடவும் மாட்டாள்.

எட்டு பதினாறு. சட்டைப்பையில் ஃபோன் அதிர்வது அவருக்குத் தெரியாமல் இருக்காது. எத்தனை நிமிஷம் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

எட்டு பதினெட்டு. மறுபடி அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.