காற்று வளையும் பெட்டி

கமலாக்கா போன செய்தி அவள் செய்து கொடுத்த பெட்டி வழியாகத்தான் என்னிடம் வந்தது. ஆடி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த முற்பகல். ரங்கூன் அலோனில் என் வீட்டுப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பாரி வளரும் அறைக்குள் பொட்டு வெளிச்சம் ஆகாது. அதனால் கைப்பேசியை அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போவேன். அது எத்தனை தடவை அடித்து ஓய்ந்ததோ தெரியாது. காற்றுக்காகத் தரையோரமாகச் சுவரில் பதித்த பெட்டிக்கு அந்தப் பக்கம், பின்சந்திலிருந்து, "ஆன்டி, ஆன்டி" என்று குரல் கேட்டது. நகரின் இன்னொரு பக்கம், தாமுவேயில், அக்காவின் பக்கத்து வீட்டில் இருக்கும் கோ மின். டீக்கடை வைத்திருக்கும் பர்மாக்காரர். என்னோடு எப்போதும் பர்மிய மொழியில்தான் பேசுவார். அன்று, அக்கா சொல்லிக் கொடுத்திருந்த நாலு தமிழ் வார்த்தைகளிலிருந்து பொறுக்கியெடுத்து, "அக்கா பூட்டாங்க" என்றார்.

கையிலிருந்த செம்பை எங்கே வைப்பது என்று தடவிக்கொண்டு நின்றேன்.

அவளை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தாமுவேயில் காலஞ்சென்ற அவள் கணவர் ஸ்டுடியோ நடத்திய காலத்தில் கல்யாணப் படம் பிடித்துக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர். படம் பிடித்தவர் அவர். இருட்டறையில் நின்று கழுவிக் கொடுத்தவள் இவள். கோயிலில் யாராவது கொஞ்சம் மினுக்கினால் போதும், "உங்க மூஞ்சியெல்லாம் முதல்ல நெகட்டிவ்ல கறுப்பாப் பார்த்தவ நான், என்கிட்ட பவுடரைக் காட்டாதே" என்பாள். கேட்டவர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் ஒரு தடவை வந்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

என் மகன் வேலை தேடி எல்லை தாண்டிப் போனவன், கொஞ்ச நாள் பேசினான். பிறகு பேச்சே இல்லை. அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று அம்மனுக்குப் பாரி வளர்ப்பதாக வேண்டிக்கொண்டேன். முதல் வருஷம் பாரி பூஞ்சை பிடித்துப் போயிற்று. ரங்கூன் மழைக்காலத்தில், வெளிச்சம் வரக்கூடாதென்று சன்னலையும் கதவிடுக்கையும் கோணி வைத்து அடைத்த அறைக்குள், மண்ணும் பயறும் வேறு என்ன செய்யும்? வெந்த வாடை. வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. கோயில் பெண்கள் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் திரும்பியதும், "பாரி வராத வீடு" என்று ஒரு வாய் சொன்னது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சோறு வைக்காமல் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் கமலாக்கா வந்தாள். தாமுவேயிலிருந்து இரண்டு பஸ் மாறி, மழையில், இடுப்பில் கட்டிய லோன்ஜிக் கைலி நனைய வந்து நின்று, முதலில் அந்த அறையைத்தான் மோந்து பார்த்தாள். "மூச்சு விட வழி வைக்காம மூடி வெச்சிருக்கே. அப்புறம் அம்மன் கைவிட்டுட்டான்னு அழறியா? அம்மன் என்ன கணக்குப்பிள்ளையா மீனாட்சி, யார் வீட்டுப் பாரி வந்துச்சு யார் வீட்டுது வரலைன்னு குறிச்சு வெச்சுக்கிட்டுத் திரிய?" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அடுத்த ஆடிக்கு முன்னால் பெட்டிகளைச் செய்தோம். செய்தோம் என்பது சும்மா. அவள் செய்தாள், நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுப்பலகையில் இரண்டு பெட்டி. உள்ளே இந்தப் பக்கச் சுவரிலிருந்து ஒரு தடுப்பு, அந்தப் பக்கச் சுவரிலிருந்து ஒரு தடுப்பு, மறுபடி இந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் எதிர்ச் சுவரைத் தொடாமல் கொஞ்சம் இடம் விட்டு நிற்கும். நுழைகிற காற்று பாம்பு மாதிரி நெளிந்துதான் வெளியே வர வேண்டும். "காத்து வளையும்டி. வெளிச்சம் வளையாது, முட்டிக்கிட்டு நின்னுடும். எங்க இருட்டறையில இப்படித்தான் வெச்சிருந்தோம்" என்றாள். ஒரு பெட்டி தரையோரம், பின்சந்துப் பக்கம். இன்னொன்று எதிர்ச்சுவரில், கூரைக்குக் கீழே. குளிர்ந்த காற்று கீழே நுழைய, புழுங்கின காற்று மேலே ஏறித் தானாகப் போய்விடும். ஒரு சின்ன ஃபேன் வைத்துவிடலாமே என்றேன். மின்சாரத்தை இங்கே நாங்கள் மீ என்றுதான் சொல்வோம். "மீயை நம்பிப் பாரி வளர்க்கிறியா? அது வந்தா விருந்தாளி, இருட்டுதான் இங்க வீட்டுக்காரன்" என்று வாயை அடைத்துவிட்டாள்.

பெட்டிக்குள் பூசக் கரும்பலகைப் பெயின்ட் வாங்கி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிப்பார்களே, பளபளப்பில்லாதது. பூசிக் காய வைத்துவிட்டுப் போனாள். நான் சும்மா இருப்பேனா? அம்மன் அறையில் வைக்கப்போகிற பொருள், இப்படிக் கரிக்கட்டையாக இருக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, தடுப்புப் பலகைகள் ஒன்று விடாமல் உள்ளே கைவிட்டுப் பூசி, குங்குமமும் வைத்தேன். மறுநாள் பெட்டியைச் சுவரில் பொருத்திக் கதவைச் சாத்தினால், அறையே இளமஞ்சளாக மினுங்குகிறது. மஞ்சள் பட்ட இடமெல்லாம் வெளிச்சத்தை வாங்கி அடுத்த பலகைக்குக் கொடுத்துக் கொடுத்து உள்ளே கொண்டுவந்து விட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "அடிப்பாவி, வெளிச்சத்துக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சிருக்கியே! மஞ்சளை வெளியே பூசு. உள்ளே கறுப்புதான் மங்களம்" என்றாள். பெட்டியைக் கழற்றி, கழுவி, மறுபடி பெயின்ட் அடிக்க அன்று பொழுது முழுக்கப் போயிற்று. திட்டிக்கொண்டேதான் அடித்தாள்.

கோயில் பெண்களும் கறுப்பு ஆகாது என்றார்கள். "அம்மன் என்ன நிறமாம்?" என்று கேட்டாள் அக்கா. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஒழுக்குப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. தண்ணீர் ஒழுக்கு இல்லை, வெளிச்ச ஒழுக்கு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண் பழகும்வரை பேசாமல் உட்கார வேண்டும். முதலில் எல்லாமே இருட்டாகத்தான் தெரியும். பழகப் பழகத்தான் ஆணி ஓட்டையும் கதவிடுக்கும் தெரிய வரும். நானும் அவளும் முதுகுக்கு முதுகு சாய்ந்துகொண்டு, ஆளுக்கு இரண்டு சுவராகப் பார்த்தோம். எனக்கு எதிரே கதவு மூலையில் ஊசிமுனை மாதிரி ஒன்று தெரிந்தது. பழைய கறுப்பு லோன்ஜித் துணியைக் கிழித்துத் திணித்தோம். மறுபடி உட்கார்ந்தோம். இன்னும் பார்க்கவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. அப்போது சொன்னாள்: "மகளோட போன்ல பேசுறேன், அவ பர்மியத்துலதான் பதில் சொல்றா. கடைக்குப் போனா பர்மியம், பஸ்ல பர்மியம். உன்னைப் பார்க்கிற அன்னிக்குத்தான் என் வாயில தமிழ் வருது. மத்த நாளெல்லாம் என் பேச்சை நானே உள்ள வெச்சுப் பூட்டிக்கிறேன்." எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வந்தேன். அதற்குள் மூக்கு ஒழுக, புறங்கையால் துடைத்தேன். "சரி சரி, மூக்கைச் சிந்தாதே, பாரிக்கு ஆகாது" என்றாள்.

அந்த வருஷம் பாரி முழ உயரம் வளர்ந்து, இளமஞ்சளாக, ஒரு புள்ளிப் பூஞ்சை இல்லாமல் வந்தது. தலையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும்போது அக்கா என் பக்கத்திலேயே நடந்தாள். மகன் பேசவில்லை. அடுத்த வருஷமும் வளர்ப்போம் என்றாள்.

அந்த அடுத்த வருஷம்தான் இது. கோ மினுக்குக் கதவைத் திறந்தேன். காலையில் கதவு தட்டியும் அவள் திறக்கவில்லையாம்; உடைத்துப் பார்த்தால் படுக்கையிலேயே போயிருந்தாள். மகள் ஜப்பானில், வர வழியில்லை. "தூக்கிப்போக நாங்கள் இருக்கிறோம். உங்கள் முறைப்படி செய்யவேண்டியது எங்களுக்குத் தெரியாது ஆன்டி, நீங்கள்தான் வரவேண்டும்" என்றார். அவர் கண் என் மணிக்கட்டுக்குப் போயிற்று. காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினவள் சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. மிதித்தால் பாரியைத் தொடக்கூடாது. வேண்டுதல் அதோடு போயிற்று. திருவிழாவுக்குச் சில நாள்தான் இருந்தது. உள்ளே பயிர் விரல் நீளம் தாண்டியிருந்தது. இந்தப் பக்கம் என் பிள்ளையின் குரல். அந்தப் பக்கம், வாய்க்கரிசி போட ஒரு கை இல்லாமல் அவள்.

அடுப்படிக்குள் போய் நின்றேன். கணக்குப்பிள்ளையா என்று அவள் கேட்டதுதான் காதில் ஓடிற்று. காப்பை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். பின்னறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவரோடு கிளம்பினேன்.

அவளைக் குளிப்பாட்டினது நானும் அந்தக் கட்டடத்துப் பர்மாக்காரப் பெண்களும்தான். வாய்க்கரிசி நான் ஒருத்திதான் போட்டேன். மகளுக்காக ஒரு பிடி, எனக்காக ஒரு பிடி. கோ மின் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தயங்கித் தயங்கி அவரும் கையை நீட்டினார். அவர் கையிலும் அரிசியைக் கொட்டினேன். அங்கே தமிழில் அழுதது நான் மட்டும்தான். "இப்படி விட்டுட்டுப் போறியே, நான் யார்கிட்ட பேசுவேன்" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்த முடிந்தது.

திருவிழா அன்று வீட்டிலேயே இருந்தேன். கும்மிச் சத்தம் பின்சந்து வழியாக வந்து, பெட்டிக்குள் நெளிந்து, சாத்தின கதவைத் தாண்டி அடுப்படிவரை வந்தது. எல்லாம் முடிந்த மறுநாள் காலையில்தான் அந்த அறையைத் திறந்தேன். தெளிக்க ஆளில்லாமல் அழுகியோ காய்ந்தோ கிடக்கும், அள்ளிக் கொட்டுவோம் என்று நினைத்துத்தான் திறந்தேன். பாரி நின்றது. ஓரத்தில் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். பூஞ்சை இல்லை. மழை ஈரத்தை அளவாக உள்ளே விட்டு, புழுக்கத்தை வெளியே தள்ளி, என் வேலையையும் சேர்த்து அந்தப் பெட்டிகள் பார்த்திருந்தன. முறைப்படி நான் தொடக்கூடாது. தொட்டேன். மேளமில்லை, கூட வர ஆளில்லை. துறைமுகக் கூலிகள் மூட்டை இறக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்க, நான் ஒருத்தியாக ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கரைத்தேன். மகன் பேரைச் சொன்னேன். அவள் பேரையும் சொன்னேன்.

அவள் துணிமணியெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் போயிற்று. படங்களை மகளுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று நான் கேட்டது ஒன்றும் இல்லை. சுவரில் பதித்த இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே என்னிடம் இருக்கின்றன. வெளியே மஞ்சள், உள்ளே கறுப்பு. அடுத்த ஆடிக்கும் வளர்ப்பேன். கோயிலில் சேர்த்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இப்போதும் சில நாள் பகலில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறேன். "ஒழுக்குப் பார்க்க வந்தேன் அக்கா" என்று வாய்விட்டுத் தமிழில் சொல்கிறேன். சாய முதுகு இல்லாததால் சுவரில் சாய்ந்துகொள்கிறேன். கண் பழகுகிறது. நாலு சுவரையும் நானே பார்க்கிறேன். ஊசிமுனை அளவு எங்கேயாவது தெரிந்தால், அவளைத் திட்ட ஒரு சாக்குக் கிடைக்குமே என்று மறுபடி மறுபடி பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.