எட்டே வராத கணக்குப் பாடம்

என் கணவருக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை என்றால் உயிர். போகும்போது வாங்க வேண்டியது ஒன்றும் இருக்காது. வரும்போது பையில் பாதி ஸ்பேனர் செட், ரிமோட் இல்லாத செட்டாப் பாக்ஸ், எந்தக் கதவுக்கும் பொருந்தாத பித்தளைக் கைப்பிடி என்று ஏதாவது இருக்கும். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும், ஒரு நாள் தேவைப்படும்" என்பார். கீழ்க்கட்டளையில் எங்கள் சின்ன வீட்டின் பரண் முழுக்க அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும் சாமான்கள்தான். இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் இணையதளத்துக்கு ப்ளக்இன் தேர்ந்தெடுக்கும் வேலையை ஒப்படைத்தேன்.

நான் கணக்கு டீச்சர். ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை நடத்தியது சில பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் புரியும். அதற்குள் நான் வேறு பாடத்துக்குப் போயிருப்பேன். போர்ஷன் முடிக்க வேண்டுமே, திரும்பிப் பார்க்க நேரம் ஏது. இந்த எரிச்சல் வருஷக்கணக்காகச் சேர்ந்து ஒரு திட்டமாகிவிட்டது. நானே ஒரு தளம் வைத்து, ஒவ்வொரு கணக்கையும் நிதானமாக எழுதிப் போடுவது, பிள்ளைகள் எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துவிட்டுச் சந்தேகத்தோடு மாலையில் ஆன்லைனில் வருவது.

வேலையை விடப்போகிறேன் என்று பிரின்சிபலிடம் சொன்னேன். "லீவு முடியறவரைக்கும் யோசிங்க. ஸ்கூல் திறக்கறதுக்கு முந்தின வாரம் சொல்லுங்க போதும். அதுவரைக்கும் உங்க இடத்துக்கு நான் யாரையும் போடல" என்றார் அந்த அம்மா. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்பாகப் பேசித் தொலைத்ததால் மே மாதம் முழுக்க விடுவதா, திரும்பிப் போவதா என்று தூக்கத்தில்கூடப் புரண்டுகொண்டிருந்தேன்.

தளத்தில் நாம் பாடம் எழுதுகிற பெட்டிக்கு எடிட்டர் என்று பெயர். அது வரும்போது வெறும் பெட்டி. எழுத்தைத் தடிப்பாக்கலாம், சாய்க்கலாம், படம் போடலாம். அதற்கு மேல் எது வேண்டுமென்றாலும் ப்ளக்இன் என்கிற துணைக் கருவியைத் தேடிப்பிடித்து அதில் பொருத்த வேண்டும். நான் கேட்டது ரொம்பக் கொஞ்சம். பின்னம் எழுத நடுவில் ஒரு கோடு வேண்டும். விடை மூடியிருக்க வேண்டும், பிள்ளை தொட்டால்தான் திறக்க வேண்டும்.

இவர் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர். ஒரு சனிக்கிழமை காலை லேப்டாப்போடு உட்கார்ந்தார். மத்தியானம் போய்ப் பார்த்தால் எடிட்டரின் தலையில் பொத்தான்கள் வரிசை வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தன, எழுதுவதற்குக் கீழே கொஞ்சம்தான் இடம் பாக்கி. பொம்மை முகங்கள் போட ஒன்று, கவுண்ட்டவுன் கடிகாரம் வைக்க ஒன்று, சங்கீதத்துக்கு ஸ்வரக் குறிப்பு எழுதக்கூட ஒன்று.

"கணக்குப் பாடத்துக்கு எதுக்குங்க மேப்பு?" என்றேன், அந்தப் பொத்தானைக் காட்டி.

"ரெண்டு ரயில் எதிரெதிரா வருதுன்னு கணக்கு குடுக்கறீங்கல்ல மிஸ்? எங்க வருதுன்னு காட்ட வேணாமா?"

கோபத்தோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது. இவரிடம் எனக்கு உள்ள பெரிய பிரச்சினையே அதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பொம்மையைப் பிடுங்கிக்கொண்ட குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

கடைசியில் கணக்குக் குறிகளுக்கான ப்ளக்இன்னில் வந்து முட்டிக்கொண்டோம். நான் பார்த்து வைத்தது சாதுவானது. பொத்தானைத் தட்டினால் பின்னம், தட்டினால் வர்க்கமூலம், வேறு எந்த ஜம்பமும் இல்லை. இவர் பார்த்து வைத்ததோ மகா கெட்டிக்காரன். "நீ டைப் பண்ணப் பண்ண அதுவே புரிஞ்சிக்கிட்டு அழகாக்கிடும்" என்றார். இரண்டையும் சேர்த்து வைத்தால் எடிட்டரே திறக்க மாட்டேன் என்றது. ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே சண்டை.

"சரி, முருகன்கிட்ட விட்டுடலாம். குன்றத்தூர் போய்ப் பூக்கட்டிப் பாத்துடுவோம்" என்றார் இவர்.

எங்கள் இரண்டு வீட்டிலும் கல்யாணமோ மனையோ, முடிவெடுக்கத் தைரியம் இல்லாதபோது செய்வது இது. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமி முன்னால் போகும். யாராவது ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். ப்ளக்இன்னுக்காக அதைச் செய்தவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். பம்மல், அனகாபுத்தூர் வழியாக வண்டியில் போய் மலையடிவாரத்தில் பூ வாங்கினோம்.

"வெள்ளையும் செவப்பும் தனித்தனியாவா?" என்று பூக்கார அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா கண்ணு, பொண்ணு விசயமா, எடம் வாங்குற விசயமா?"

"ப்ளக்இன் விஷயம்க்கா" என்றார் இவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"இன்னாவோ சொல்ற. நல்லபடியா வரும், போய்க்கினே இரு" என்று கை நிறைய அள்ளிப் போட்டார்.

படியேறும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, முருகனும் சும்மாதான் இருக்கப்போகிறார், என் கேள்வியையும் அதே பொட்டலத்தில் ஏற்றிவிட்டால் என்ன? எங்கள் அம்மா வீட்டில் வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். வெள்ளை வந்தால் வேலையை விடுவது, சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் திரும்புவது. இவரிடம் மூச்சு விடவில்லை.

சன்னதியில் குருக்கள் பொட்டலங்களை வாங்கிக்கொள்ளும்போது இவர் என் காதில், "வெள்ளை என்னோடது, சிவப்பு உன்னோடது" என்றார். மாட்டிக்கொண்டேன். என் ப்ளக்இன் ஜெயிக்கச் சிவப்பு வர வேண்டும், நான் விடுதலையாக வெள்ளை வர வேண்டும். சாமி முன்னால் நின்றுகொண்டு மாற்றச் சொல்லவா முடியும்?

வரிசையில் நின்ற பாவாடை கட்டிய ஒரு குட்டிப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். குருக்கள் பிரித்தார். பிரிக்கிற அந்த நேரத்தில் என் நெஞ்சு வெள்ளை வெள்ளை என்றுதான் அடித்துக்கொண்டது. வெள்ளையே வந்தது. "பரவால்லயே, தோத்தாலும் மிஸ் சிரிக்கறாங்க" என்று இவர் அசந்துபோனார். நான் சிரிக்கவா செய்தேன்? அழாத குறைதான், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளே முதல் பாடத்தை எழுத உட்கார்ந்தேன். கெட்டிக்காரன் வேலையைக் காட்டத் தொடங்கினான். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போட்டால் குறியை முழுங்கிவிட்டு, நடுவில் மாட்டிய எண்ணைச் சாய்த்துப் படுக்க வைத்தான். சரியான விடையைத் தேர்ந்தெடு என்று அடைப்புக்குறிக்குள் ஏ, பி, சி, டி போட்டால் ஆங்கிலத்து சி மட்டும் வட்டத்துக்குள் போய்ப் பதிப்புரிமைச் சின்னமாக நின்றது. எல்லாவற்றையும் விட மோசம் எட்டு. எட்டு எழுதி அடைப்புக்குறியை மூடினால் இரண்டும் சேர்ந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சிரிக்கும் மூஞ்சியாக மாறிவிடும். அழித்துத் திருத்தலாம். சேமித்ததும் மறுபடி வந்து பல்லைக் காட்டும்.

இவர் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "சரி, தூக்கிடலாம் விடு. உன்னோடதையே போட்டுக்கலாம்" என்றார், ரொம்ப சுலபமாக.

"வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"முருகன் குடுத்தது. இருக்கட்டும்."

இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாமி கும்பிடும்போதே பால் பாக்கெட்டை நினைப்பவள் நான் என்பது இவருக்குத் தெரியும். ஆனால் நான் எப்படிச் சொல்வேன்? ஒரே பூ சொன்ன பதில் ப்ளக்இன்னுக்குத் தப்பென்றால் என் வேலைக்கு மட்டும் எப்படிச் சரியாகும்? அந்தக் கண்ணாடிக்காரனைத் துரத்தினால் அவன் பின்னாலேயே என் விடுதலையும் வாசல் தாண்டிப் போய்விடும் போலிருந்தது. அதனால் அவனோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டேன். ஏ, பி, சி, டி போய் அ, ஆ, இ, ஈ வந்தது. பெருக்கலுக்குப் புள்ளி வைத்தேன். எட்டு எப்போது அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாததால் எட்டையே ஒதுக்கிவிட்டேன். ஒரு கணக்கில் விடை எட்டு என்று வந்தது, கேள்வியை மாற்றி ஒன்பதாக்கினேன். ஒரு சதுரத்தின் பக்கத்தைக்கூட ஏழாகக் குறைத்தேன்.

இப்படியே இரண்டு பாடம் எழுதி முடித்தேன். பக்கத்துத் தெரு அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு அம்மா பத்தாம் வகுப்புக்குப் போகும் தன் பெண்ணை அழைத்துக்கொண்டு பார்க்க வந்தார். சேருவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்வார்களாம். நான் காபி கலந்து எடுத்து வருவதற்குள் அந்தப் பெண் சோபாவில் உட்கார்ந்து போனில் இரண்டு பாடத்தையும் புரட்டிவிட்டாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு எட்டு ராசி இல்லையா?"

"ஏம்மா?"

"ரெண்டு சாப்டர்லயும் எட்டே வரல மிஸ். எங்க அப்பாவும் இப்படித்தான். எட்டு சனியோட நம்பராம், வண்டிக்குக் கூட எட்டு வராத மாதிரி பாத்துதான் வாங்கினாரு."

"சும்மா இரு" என்று அம்மா அதட்டினார். அந்த எட்டு பயத்தை வகுப்பிலேயே எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன். முகம் சூடாகிவிட்டது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போகும்போது, "யோசிச்சு சொல்றோம் மிஸ்" என்றார் அந்த அம்மா. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் எட்டைக் கண்டு ஒளிகிறாள் என்றால் நான்கூட யோசித்துத்தான் சொல்வேன்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் லேப்டாப்பைத் திறந்து ப்ளக்இன்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். நீக்கவா என்று கேட்டது. கை நின்றுவிட்டது. பயமாக இருந்தது, உள்ளபடியே சொல்கிறேன். பிறகு நீக்கினேன். என் சாதுவான ப்ளக்இன்னைப் பொருத்தினேன். பின்னத்துக்கு ஒரு கோடு வந்தது, அவ்வளவுதான் வந்தது.

மாலையில் இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரே டிக்கெட்ல ரெண்டு பேரை ஏத்திட்டியா?" என்று இவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சரி, இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. நாளைக்கே திரும்பப் போவோம். இந்தத் தடவை வேலை விஷயம் மட்டும் கேப்போம்."

"வேணாங்க."

"ஏன், சிவப்பு வந்துடும்னு பயமா?"

ஆமாம், அதற்குத்தான் பயம். சிவப்பு வந்தால் அழுவேன் என்று எனக்கே தெரிந்திருக்கும்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது? நான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். என்னை நம்பி இதுவரை ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. பிரின்சிபல் உடனே எடுத்தார்.

"வரல மேடம்" என்றேன்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இல்ல மேடம். யோசிச்சா வந்துடுவேன்."

அவர் வற்புறுத்தவில்லை. பத்தாம் வகுப்புக்கு நாளைக்கே வேறு ஆள் போட்டுவிடுகிறேன் என்றார்.