மஞ்சள் ஸ்வெட்டரின் கைக்காக மைசூருக்கு

மகளுக்கு சிம்லாவில் வேலை கிடைத்தது. கிளம்ப எட்டே நாள். "கடையில வாங்காதம்மா, இதையே பின்னிக் குடு" என்று அவள் நீட்டியது, என்னிடமிருந்த எழுபதுகளின் பின்னல் புத்தகத்தை. அட்டையில் ஒரு பெண்: அகலமான காலர், பெரிய பொத்தான்கள், கையோடு ஒட்டிப் பிடித்த மஞ்சள் ஸ்வெட்டர். இன்றைக்கும் ஆசை வருகிற அழகு. உடம்புப் பகுதியை முடித்துவிட்டேன். கைக்கான கணக்கு இருந்த கடைசித் தாள் மட்டும் கிழிந்திருந்தது. உத்தேசமாகப் பின்னி, படத்தைப் போல வராமல் மூன்று முறை பிரித்தேன்.

அதனால்தான் போன சனிக்கிழமை, முழுப் புத்தகம் பழைய கடையில் கிடைக்குமா என்று தேடி மைசூர் போனேன். எங்கள் ஊர் கொள்ளேகாலிலிருந்து காலை ஏழரைக்கு அரசுப் பேருந்து. அறுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். (கர்நாடக அடையாள அட்டை இருக்கும் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். தமிழ்நாட்டுக்காரர்கள் காசு கொடுக்கத்தான் வேண்டும்.) மைசூர் பேருந்து நிலையத்திலிருந்து மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். "சந்துக்குள்ள வண்டி போகாதுக்கா, இங்கயே இறங்கிக்குங்க" என்றார் ஓட்டுநர்.

அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் அதே புத்தகத்தின் கிழியாத பிரதி இருந்தது. ஆனால் கடைக்காரர் தரவில்லை.

"ஒரு மேடம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. பதினோரு மணிக்கு வருவாங்க, கேட்டுப் பாருங்க."

வந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைச் சொல்லி, பாதி ஸ்வெட்டரையும் காட்டினேன். அட்டைப்படத்தில் விரல் வைத்துச் சிரித்தார்.

"இது நான்தான். காலேஜ் படிக்கிறப்ப வீட்டுக்குத் தெரியாம போட்டோவுக்குப் போய் நின்னேன். பயத்துல இந்தப் புத்தகத்துல ஒண்ணுகூட வாங்கி வெச்சுக்கலை."

"அந்தக் கை எப்படிங்க அவ்வளவு கச்சிதமா இருக்கு?"

"எங்க இருந்துச்சு? தொளதொளன்னு தொங்குச்சு. உள்பக்கமா மடிச்சு ஊசி குத்தி வெச்சாங்க. கையை அசைச்சா குத்தும். போட்டோ பார்க்கிறவங்களுக்கு நல்லா அல்வா குடுத்தாங்க!"

கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நான் உத்தேசமாகப் போட்ட பின்னல் கண்ணிகளுக்கும் அதிலிருந்த கணக்குக்கும் இரண்டு கண்ணிதான் வித்தியாசம். மூன்று முறையும் வீணாகத்தான் பிரித்திருக்கிறேன். எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, புத்தகத்தை அவரிடமே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மகளின் கையை அளந்து, மணிக்கட்டுப் பக்கம் கண்ணிகளைக் குறைத்துப் பின்னினேன். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் முடிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கடைகள் பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். இன்றைய கம்பளி நூலின் தடிமன் வேறு, முதலில் உள்ளங்கை அளவு பின்னிப் பாருங்கள். படத்தைப் போல வரவில்லை என்றால் உடனே பிரித்துவிடாதீர்கள். படத்தில் இருந்தவருக்கே அது பொருந்தவில்லை.