கதவை அடிக்கடி திறக்காதீர்கள்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் எந்த வீட்டுக்குப் போனாலும், கருவிப்பையைக் கீழே வைக்கும் முன்பே தீர்ப்பை வாசித்துவிடுவார்: "கதவை அடிக்கடி திறக்கறீங்க." பெட்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம், அதுவும் மனசு வந்தால்.

டீச்சர் வீட்டில் மனசு வந்ததுதான் வினையாகப் போயிற்று. பெட்டியை முன்னால் இழுக்க இடமில்லாத சமையலறை. சுவரோரமாக நுழைந்தவர் தொப்பை இடித்து அங்கேயே மாட்டிக்கொண்டார். கூட வந்திருந்த மச்சினன், அவர் கடையில் பாதிப் பங்குதாரன், கையைப் பிடித்து இழுத்தான்.

"என் கதவைச் சொன்னீங்களே அண்ணே, உங்க வாயை எத்தனை தடவை திறக்கறீங்க?" என்றார் டீச்சர்.

வாசலுக்கு வந்ததும் மச்சினன் அன்பாகச் சொன்னான். "இன்னொரு தடவை மாட்டினீங்கன்னா கல்லாவுல உக்காந்துக்குங்க மாமா. பையை நான் தூக்கிக்கறேன்."

கல்லா என்றால் மெக்கானிக்குக்கு உயிரோடு சமாதி. வீடு வீடாகப் போய் நாலு பேரைக் குறை சொல்லாத நாளும் ஒரு நாளா?

மனைவி சாப்பாட்டைப் பாதியாக்கினாள். எடை அசையவில்லை. உச்சிவெயிலில் குளிரெடுத்தது, ஸ்க்ரூ கழற்றும்போதே கண் சொருகியது. போய்ப் பார்த்த மூன்று டாக்டர்களும் தலைநிமிராமல் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: "வாயைக் கட்டுங்க." இந்தத் தொழில்நேர்த்தியை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

நாலாவதாகப் பார்த்த டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். "தைராய்டு சரியா சுரக்கலை. அது குறைஞ்சா உடம்பு சக்தியை எரிக்கிற வேகமே குறைஞ்சுடும்."

மெக்கானிக் முகம் மலர்ந்தது. "அப்ப தெர்மோஸ்டாட் போச்சு! என் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுங்க டாக்டர். வீட்டுல மாட்டி வைக்கணும்."

"பொறுங்க. அதனால ஏறின எடை கொஞ்சம்தான், அதுலயும் உப்பும் நீரும்தான் நிறைய. மிச்சம் வேற கதை. கொழுப்பே 'போதும்'னு மூளைக்கு ஒரு ஹார்மோன் அனுப்பும். கொழுப்பு ரொம்பச் சேர்ந்துட்டா, மூளை அதைக் காதுல போட்டுக்காது. பசி அடங்காது."

"இவரு மூளை யார் சொல்லித்தான் கேட்டிருக்கு?" என்றாள் மனைவி.

மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு. சில மாதங்களில் குளிர் விட்டது, பகல் தூக்கம் விட்டது. தொப்பை மட்டும் பழகின இடத்தை விட மனமில்லாமல், மரியாதைக்குக் கொஞ்சம் இறங்கிக்கொடுத்தது.

டீச்சர் மறுபடி கூப்பிட்டார். மச்சினன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கிளம்பினான், முகத்தில் கல்யாணக் களை.

"நீங்க சொன்னதிலேர்ந்து ஒரு நாளைக்கு ஒரே தரம்தான் திறக்கறேன் அண்ணே. அப்பவும் சில நாள் பால் திரியுது," என்றார் டீச்சர்.

மெக்கானிக் பழக்கதோஷத்தில் "கதவை..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் நுழைந்தார். மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே கருகிக் கிடந்தது. மோட்டார் நினைத்தால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை.

"கதவு மேல தப்பில்லைம்மா," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ரிலேயை மாற்றிவிட்டு யாரும் இழுக்காமலே வெளியே வந்தார். சட்டைப் பட்டன் ஒன்று மட்டும் தெறித்து மச்சினன் காலடியில் விழுந்தது.

"மாமா, பட்டன்."

"பையில போட்டு, பையை இங்க குடு. அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு."